மழை வந்தா பியானோ கீ ஒட்டிக்குதா? எண்ணெய் பாட்டிலை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் மரக்கதவு நிலையோடு இறுக்கிக்கொள்ளும். சரியாக மூடாத டப்பாவில் இருக்கும் முந்திரி நமத்துப் போகும். வீட்டிலோ, சர்ச்சிலோ, ஸ்கூலிலோ ஒரு பியானோ இருந்தால் அதற்கும் இதே கதைதான். நேற்று வரை நன்றாக வாசித்த பியானோவில் இன்று ஒரு கீயை அழுத்தினால், அது கீழேயே நின்றுவிடும். இன்னொரு கீ ஆடி அசைந்து மெதுவாக மேலே வரும்.

உடனே கை போவது தையல் மிஷின் எண்ணெய்க்குத்தான். இடுக்கில் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் சின்னப் பிரச்னை பெரிய செலவாக மாறுவது அந்த இரண்டு சொட்டில்தான்.

பியானோ கீ ஏன் ஒட்டுகிறது? கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• கீ ஒட்டுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் ஈரப்பதம். பியானோ உடைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.
• கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கீக்கு வெளியே, கீயில், அல்லது கீக்குப் பின்னால் இருக்கும் இயந்திரப் பகுதியில்.
• எது என்று தெரிந்துகொள்ள ஒரு டார்ச் லைட்டும் பத்து நிமிடமும் போதும்.
• எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டும் கூடவே கூடாது.

பியானோ கீ எப்படி வேலை செய்கிறது?

ஒரு பியானோவில் மொத்தம் 88 கீகள். வெள்ளை 52, கருப்பு 36. நம் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை கீயின் முன்பக்கம் சுமார் 15 செ.மீ. மட்டும்தான். அதைவிட நீளமான மரத்துண்டு உள்ளே மறைந்திருக்கிறது.

பார்க்கில் இருக்கும் சீ-சா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கீயும் அப்படித்தான். நடுவில் ஒரு உலோக ஆணி, அதுதான் தாங்குமிடம். முன்பக்கத்தை விரலால் அழுத்தினால் பின்பக்கம் மேலே போகும். அது ‘விப்பன்’ என்ற நெம்புகோலைத் தூக்கும். விப்பன் மேல் இருக்கும் ‘ஜாக்’ என்ற சின்னக் கட்டை, ஃபெல்ட் சுற்றிய சுத்தியலைத் தள்ளும். இந்தச் சுத்தியலுக்கு ஹாமர் என்று பெயர். ஹாமர் போய் கம்பியில் மோதும், சத்தம் வரும்.

விரலை எடுத்ததும் விப்பனின் எடை கீயின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், முன்பக்கம் மேலே வரும். கீயை மேலே தூக்க மோட்டாரோ தனி விசையோ கிடையாது.

இப்போது அளவுகளைக் கவனியுங்கள். கீ கீழே இறங்குவது சுமார் 10 மி.மீ.தான். நடுப்பகுதிக் கீயை அழுத்த சுமார் 50 கிராம் எடை போதும். அது திரும்பி மேலே வரும் விசை இன்னும் குறைவு. அதனால் வழியில் துளி உராய்வு கூடினாலும் கீ பாதியில் நின்றுவிடும்.

இதில் துணிக்கு என்ன வேலை?

கீயின் முன்பக்க அடியில் ஒரு பள்ளம் இருக்கும். கீழே இருந்து நிற்கும் ஆணி அந்தப் பள்ளத்துக்குள் நுழையும். கீ இடது, வலது பக்கம் ஆடாமல் பிடிப்பது இந்த ஆணிதான். உலோகமும் மரமும் உரசி ‘டக் டக்’ என்று சத்தம் போடாமல் இருக்க, பள்ளத்தின் இரண்டு பக்கமும் கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். நடு ஆணி இருக்கும் இடத்திலும் இதே ஏற்பாடு. ஹாமர், விப்பன், ஜாக் என்று அசையும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மெல்லிய ஊசியைச் சுற்றித் துணி இருக்கும்.

ஆக, பியானோ என்பது வெளியே மரம், உள்ளே மரமும் கம்பளியும். இரண்டுமே காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்தால் உப்பும். துணிக்கும் ஆணிக்கும் நடுவில் விட்ட மயிரிழை இடைவெளி அடைத்துக்கொள்ளும். கீ ஒட்டிக்கொள்ளும்.

அப்ரைட் பியானோவில் மட்டும் ஏன் கூடுதல் தொல்லை?

கச்சேரி மேடைகளில் பார்க்கும் கிராண்ட் பியானோவில் கம்பிகள் படுக்கையாக இருக்கும். ஹாமர் கீழே இருந்து மேலே அடித்துவிட்டு, தன் எடையிலேயே கீழே விழுந்துவிடும்.

சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் கம்பிகள் செங்குத்தாக இருக்கும். ஹாமர் முன்னால் போய் அடித்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். இங்கே புவியீர்ப்பு முழுசாகக் கை கொடுக்காது. ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும், ஹாமரை விப்பனோடு இணைக்கும் ஒரு சின்னத் துணி நாடாவும்தான் உதவிக்கு இருக்கின்றன. ஸ்பிரிங் களைத்தாலோ, நாடா மட்கி அறுந்தாலோ, மூட்டு இறுகினாலோ ஹாமர் திரும்பி வர நேரம் எடுக்கும். வேகமாக வாசிக்கும்போது சுரம் விட்டுப்போகும்.

காடாம்புலியூர் பக்கம் இது ஏன் முக்கியம்?

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் விளையும் பகுதி. ஈரப்பதம் என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டையை வெயிலில் காயவைத்து, ஈரம் போன பிறகுதான் சேமித்து வைப்பார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

மரத்துக்கும் இதே விதிதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பேர் போனது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையும் பலாமரத்தில் செய்யப்படுவதுதான். பச்சை மரத்தில் யாரும் வீணை கடைய மாட்டார்கள். நன்றாகக் காய்ந்து, இனி பெரிதாகச் சுருங்காது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் உளி வைப்பார்கள்.

பியானோ இந்த மண்ணில் பிறந்த கருவி இல்லை. 1700 வாக்கில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கியது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த பியானோக்கள் இங்கே பட்ட பாட்டைப் பார்த்துதான், ஐரோப்பியக் கம்பெனிகள் சில ‘வெப்ப நாட்டு மாடல்’ என்றே தனியாகச் செய்து அனுப்பின. பசையை மட்டும் நம்பாமல் மூட்டுகளில் திருகாணி போட்டார்கள். தேக்கு மாதிரி கெட்டி மரங்களைப் பயன்படுத்தினார்கள்.

சென்னையில் பியானோ வியாபாரத்துக்கு வயது ரொம்ப அதிகம். அண்ணா சாலையில் இருக்கும் மூசி மியூசிக்கல் கடை, 1842-ல் மிஸ்கித் அண்ட் கோ என்ற பெயரில் தொடங்கியது. 1964-ல் வந்த ‘புதிய பறவை’ படத்தில் சரோஜா தேவி பியானோ முன் உட்கார்ந்து பாடும் காட்சியை இன்றும் பலர் மறக்கவில்லை. 2008-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரி வந்தது. 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் பியானோ வாசித்து அமெரிக்க டிவி போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றார். பியானோ கற்கும் ஆசை இப்போது சென்னைக்கு வெளியிலும் இருக்கிறது. பியானோ மெக்கானிக் மட்டும் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

காடாம்புலியூரில் இருந்து சென்னை சுமார் 200 கி.மீ. ஒரு கீக்காக ஒருவரை அங்கிருந்து வரவழைப்பதற்கு முன், கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்வது பணத்தையும் மிச்சம் பிடிக்கும், பியானோவையும் காப்பாற்றும்.

கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஒரு பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து 88 கீகளையும் ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தி விடுங்கள். ஒட்டும் கீயின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு கீ மட்டும் ஒட்டினால், அந்தக் கீயில் ஏதோ தனிப் பிரச்னை. வரிசையாகப் பல வெள்ளை கீகள் ஒட்டினால், முன்னால் இருக்கும் மரப்பட்டையைச் சந்தேகப்படலாம். அங்கங்கே பரவலாக ஒட்டினால், ஈரப்பதம்தான் ஆள்.

அடுத்து, பியானோவின் மேல்மூடியைத் திறங்கள். உள்ளே இரண்டு ஓரத்திலும் கொக்கி மாதிரி இருக்கும். அதை விடுவித்தால் முன்பலகை கையோடு வந்துவிடும். அதைப் பத்திரமாக ஓரமாக வையுங்கள். இப்போது ஹாமர் வரிசை முழுசாகத் தெரியும். டார்ச் அடித்து, ஒட்டும் கீயை அழுத்தி விட்டுப் பாருங்கள். பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் கீயையும் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கில் ஒன்று நடக்கும்:

1. கீ கீழேயே நிற்கிறது, ஹாமரும் பாதி வழியில் நிற்கிறது: பிரச்னை கீயில் இருக்கலாம், அல்லது விப்பனில் இருக்கலாம்.

2. கீ மேலே வந்துவிட்டது, ஹாமர் மட்டும் கம்பிப் பக்கமே நிற்கிறது அல்லது மெதுவாகத் திரும்புகிறது: ஹாமரின் மூட்டு இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போய்விட்டது.

3. கீ, ஹாமர் இரண்டும் இடத்துக்கு வந்துவிட்டன, ஆனால் மறுபடி அடித்தால் சத்தம் வரவில்லை: ஜாக் தன் இடத்துக்குத் திரும்பவில்லை.

4. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்காமல் ஒலிக்கிறது: இது ஒட்டும் கீ பிரச்னையே இல்லை. சத்தத்தை அடக்கும் டேம்பரில் கோளாறு.

முதல் வகையில் கீயா, விப்பனா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கீயின் பின்முனைக்கு மேலே இருக்கும் விப்பனை ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். இப்போது கீயின் மேல் எந்தப் பாரமும் இல்லை. இந்த நிலையில் கீயை அசைத்துப் பாருங்கள். கீ தடையில்லாமல் ஆடினால், குற்றவாளி விப்பன். அப்போதும் இறுக்கமாக இருந்தால், கீதான்.

உங்கள் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ வசதி இருந்தால், இதை எல்லாம் படம் பிடித்து வையுங்கள். மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், என்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குப் புறப்படும்போதே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை என்னென்ன?

இடுக்கில் விழுந்த பொருள்: ஒற்றைக் கீ ஒட்டினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், பென்சில் துண்டு என்று எது வேண்டுமானாலும் இரண்டு கீகளுக்கு நடுவில் விழுந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய அட்டையாலோ சாமணத்தாலோ எடுத்துவிடலாம். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், மரம் பிளந்துவிடும்.

முன்பட்டை உரசுவது: கீகளுக்கு முன்னால் நீளமாக ஒரு மரப்பட்டை இருக்கும். மழையில் அது உப்பி உள்பக்கம் வளைந்தால் வெள்ளை கீகளின் முன்முனையில் உரசும். கீக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் நகர வேண்டும். மாட்டினால் இதுதான் பிரச்னை. பட்டையின் திருகாணிகளைத் தளர்த்தி, பட்டைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் மெல்லிய அட்டைத் துண்டு வைத்து மறுபடி முடுக்கினால் இடைவெளி கிடைத்துவிடும். அவ்வளவுதான், செலவு பூஜ்யம்.

பக்கத்துக் கீயோடு உரசுவது: ஒட்டும் கீயின் இரண்டு பக்க இடைவெளியையும் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் அகலமாக இருந்தால் கீ சாய்ந்திருக்கிறது. விரலால் மெதுவாகச் சரியான பக்கம் தள்ளிப் பார்க்கலாம். திரும்பத் திரும்பச் சாய்ந்தால் ஆணி வளைந்திருக்கலாம். அதைத் தட்டி நிமிர்த்துவது மெக்கானிக் வேலை.

துணி உப்புவது: கீயின் முன்முனையைப் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். நல்ல கீயில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அசையவே இல்லை என்றால் பள்ளத்துத் துணி உப்பி ஆணியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மெதுவாகப் பலமுறை இடமும் வலமும் ஆட்டினால் துணி கொஞ்சம் அமுங்கி விட்டுக்கொடுக்கும். சரியாகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மெக்கானிக்கிடம் இதற்கென்றே ஒரு இடுக்கி இருக்கிறது. துணியை மட்டும் சமமாக அமுக்கும், மரத்தைத் தொடாது.

மெக்கானிக் செய்ய வேண்டியவை

கீயை வெளியே எடுத்துச் செய்யும் வேலைகள் இதில் வரும். நடு ஆணி நுழையும் துளை இறுகியிருந்தால், கீயைக் கொஞ்சம் தூக்கி விட்டாலும் தன் எடையில் கீழே இறங்காமல் தொங்கும். அந்தத் துளையை மயிரிழை அளவுக்கு மட்டும் அகலப்படுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் கீ நிரந்தரமாக லொடலொடக்கும். ஆணியில் களிம்போ துருவோ பிடித்திருந்தால் கீயை எடுத்துவிட்டு, துணியில் பாலிஷ் படாமல் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்.

ஹாமர், விப்பன், ஜாக் மூட்டுகள் இறுகியிருந்தால் வேலை இன்னும் நுணுக்கம். மூட்டில் இருக்கும் ஊசியின் கனம் சுமார் ஒன்றே கால் மி.மீ.தான் இருக்கும். பழைய ஊசியைத் தள்ளி எடுத்து, துளையைச் சரிசெய்து, பொருத்தமான கனத்தில் புது ஊசி போட வேண்டும். ஒரு மூட்டு என்றால் சின்ன வேலை. 88 ஹாமரும் என்றால் நாள்கணக்கில் ஆகும்.

முக்கியமான எச்சரிக்கை: ஹாமர் வரிசை மொத்தமும் ஒரே சட்டத்தில் இருக்கும். திருகாணியைக் கழற்றினால் வெளியே வந்துவிடும் போலத் தோன்றும். பழக்கம் இல்லாதவர்கள் அதை எடுக்க முயல வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஏதாவது ஒன்று தப்பான இடத்தில் நின்றால் அப்படியே முறிந்துவிடும். கம்பிகள் பக்கமும் கை வைக்க வேண்டாம். ஒரு பியானோவில் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை இருக்கும்.

எண்ணெய் விட்டால் என்ன ஆகும்?

தையல் மிஷினில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. அங்கே எண்ணெய் சரி. பியானோவில் உலோகம் உரசுவது துணியோடும் மரத்தோடும்.

எண்ணெய் பட்டதும் முதல் இரண்டு நாள் கீ நன்றாக வேலை செய்வது போல இருக்கும். ஆனால் கம்பளித் துணி அந்த எண்ணெயைக் குடித்து இன்னும் உப்பும். தூசி வந்து ஒட்டும். சில மாதங்களில் அது பசை மாதிரி கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெயாக இருந்தால் குளிர் காலத்தில் உறைந்தும் போகும். மரம் எண்ணெய் குடித்துவிட்டால், புதுத் துணி ஒட்டப் பசையும் பிடிக்காது.

முன்பு ஒரு கீயில் துணியை அமுக்கினால் முடிந்திருக்கும். இப்போது துணியை உரித்து, மரத்தைச் சுத்தம் செய்து, புதிதாக ஒட்ட வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் பக்கத்தில் இருக்கும் பத்து மூட்டுகளுக்கும் இதே கதி. கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கீ மேல் நேரடியாக அடிப்பதும் தப்பு. ஈரம் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். லேசாக ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வராமல் தடுப்பது எப்படி?

பியானோவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கடலோரத் தமிழ்நாட்டில் இது 70-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் குறைப்பதோடு, ஒரே அளவில் வைத்திருப்பதும் முக்கியம்.

• ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிப் பியானோ அருகில் வையுங்கள்.
• மழைச்சாரல் அடிக்கும் சுவர், பாத்ரூம் சுவர், ஜன்னல் ஓரம் மூன்றும் வேண்டாம். சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போகட்டும்.
• ஏசி போடுவதாக இருந்தால் ஒரே சீராகப் போடுங்கள். ஒரு மணி நேரம் போட்டு நிறுத்தினால் மரம் சுருங்கி விரிந்து இன்னும் கெடும்.
• பியானோவின் அடிப்பகுதிக்குள் வைக்கும் சூடேற்றும் குழாய் கடைகளில் கிடைக்கிறது. கொஞ்சமாகச் சூடாகி ஈரத்தை விரட்டும். பழைய காலத்தில் குண்டு பல்பு எரியவிடும் வழக்கமும் உண்டு. மரத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் அருகில் சூடான பல்பு தீ ஆபத்து, அதைத் தவிர்ப்பதே நல்லது.
• அடிப்பலகையைத் திறந்து எலி, கரையான், பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எலிக்கு ஃபெல்ட் என்றால் பஞ்சு மெத்தை.
• தினமும் வாசியுங்கள். சும்மா கிடக்கும் பியானோவில்தான் மூட்டுகள் சீக்கிரம் இறுகும்.

வெள்ளத்தில் நனைந்தால்?

2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் என்று கடலூர் மாவட்டம் தண்ணீரை நிறையப் பார்த்துவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் அபாயம் இருந்தால், நாலைந்து பேர் சேர்ந்து பியானோவை உயரத்தில் ஏற்றுவதுதான் ஒரே வழி. அப்ரைட் பியானோ 200 கிலோவைத் தாண்டும், தனியாகத் தொட வேண்டாம்.

நனைந்துவிட்டால் வாசித்துப் பார்க்கக் கூடாது. வெயிலில் வைக்கவோ ஹீட்டர் காட்டவோ கூடாது, மரம் பிளக்கும். பலகைகளைக் கழற்றிவிட்டு ஃபேன் காற்றில் மெதுவாக உலர விடுங்கள். பழைய பியானோக்களில் பயன்படுத்தியது தண்ணீரில் இளகும் பசை. அதனால் கீயைப் பற்றிக் கவலைப்படும் முன், உடல் மூட்டுகள் விட்டிருக்கின்றனவா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

பழைய பியானோ வாங்கும்போது...

விற்பவர் “மழைக்காலம், அதான் ஒட்டுது” என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். நான்கைந்து கீ ஒட்டுவதை வைத்து நல்ல பியானோவை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. அதைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடவும் தேவையில்லை. கீ இறுக்கம் சரிசெய்யக் கூடியது.

ஆனால் சுருதி நிற்காத அளவுக்குக் கம்பி சுற்றிய முளைகள் தளர்ந்திருந்தாலோ, இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தாலோ யோசிக்க வேண்டும். கீகளின் இடுக்கில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் விலையை முடிவு செய்வதற்கு முன் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவது நல்லது. யாரோ ஏற்கெனவே ‘ரிப்பேர்’ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. அதில் ஹாமர் மூட்டோ கம்பளித் துணிப் பள்ளமோ இந்த வடிவில் இல்லை. கீ ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே சிந்திய ஜூஸ், உடைந்த பிளாஸ்டிக், தேய்ந்த ரப்பர் பட்டை காரணமாக இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் காட்டுவதே சரி.

அப்ரைட் பியானோவில் கீ ஒட்டினால் இந்த வரிசையை மனதில் வையுங்கள்: இடுக்கைப் பாருங்கள், முன்பட்டையைப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஹாமர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதற்குள் விடை கிடைக்கவில்லை என்றால் வீடியோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். மழை விட்டு, தை மாத வெயிலில் நான்கு நாள் அறை காய்ந்தாலே பாதிக் கீகள் தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு. எண்ணெய் பாட்டில் மட்டும் தையல் மிஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.